மேற்கு வரப்பு

மகளின் பிரசவத்துக்குப் போயிருந்தவள் ஊர் திரும்பினாள். பேருந்தை விட்டு இறங்கித் தோட்டத்துப் பாதைக்குள் நுழைந்ததும் கால்கள் அப்படியே நின்றுவிட்டன. வேறு யார் தோட்டத்துக்கோ வந்துவிட்டோமோ என்றுகூட நினைத்தாள். மேற்கு வரப்பில் வரிசையாக நின்ற சவுக்கு மரங்களில் ஒன்றுகூட இல்லை. அடிக்கட்டைகள்தான் மிச்சம்.

கணவர் சிரித்துக்கொண்டே எதிரே வந்தார்.

"எப்படி? நீ வர்றதுக்குள்ள முடிக்கணும்னு ஆள் வச்சு வெட்டிட்டேன். ஓரத்துச் செடியெல்லாம் சவலையா நிக்குதுன்னு நீதானே புலம்புவ? தண்ணி பூரா இந்த மரம்தான் குடிச்சுது."

அவள் ஓர் அடிக்கட்டையைத் தொட்டுப் பார்த்தாள். ஓரத்து இரண்டு வரிசை சவலைதான். அதற்காக இப்படியா?

மறுநாள் காலை, புதிதாக நட்டிருந்த கத்தரி நாற்றுகளுக்குத் தண்ணீர் பாய்ச்சினார்கள். வெயில் ஏறியதும் மேற்கிலிருந்து காற்று கிளம்பியது. இத்தனை வருஷமும் மரங்களில் மோதி வேகம் குறைந்து வந்த காற்று. இப்போது கேட்பாரில்லாமல் தரையோடு தரையாக அடித்தது.

சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தவர் பேயறைந்தவர்போல நின்றார். நாற்றுகள் தலை தொங்கிக் கிடந்தன. காலையில் சேறாக இருந்த மேல்மண் விரலில் மாவாக உதிர்ந்தது.

"மோட்டார் ஓடுச்சா இல்லையா?"

"நீங்கதானே போட்டீங்க."

"அப்ப தண்ணி எங்க போச்சு?"

"காத்து கொண்டுபோயிடுச்சு."

"விளையாடாத."

"என் மூஞ்சியப் பாருங்க. விளையாடற மாதிரியா இருக்கு?"

வீட்டுக்குள் ஓடிப்போய்ப் போர்வை, சாக்கு, ஜன்னல் திரை என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் அள்ளி வந்தாள். அவர் கம்பு ஊன்றினார். ஒரு மூலைக்குத்தான் மறைப்புக் கட்ட முடிந்தது. மறுபடியும் வயல் முழுக்கத் தண்ணீர் விட்டார்கள்.

அடுத்த நாள் சாயங்காலம் அவர் மறைப்புக்குப் பின்னால் மண்ணைத் தொட்டார். ஈரமிருந்தது. நாலடி தள்ளி, காற்று படும் இடத்தைத் தொட்டார். காய்ந்து வெடித்திருந்தது. நம்பாமல் மாறி மாறித் தொட்டுப் பார்த்தார்.

"ஒரே மண்ணு... ஒரே தண்ணி..." வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார்.

மூலையில் இருந்த நாற்றுகள் மட்டும் பிழைத்தன. மற்றதை உழுதுபோட்டார்கள். அவர் சவுக்குக் கன்றுகள் வாங்கி வந்து நட்டார். அவை முழங்கால் உயரம்கூட இல்லை. சோளம் சீக்கிரம் ஆளுயரம் வளர்ந்து காற்றை மறைக்கும் என்று அவள் சொன்னதால், கன்றுகளை ஒட்டி அதையும் நெருக்கி விதைத்தார்.

"இனிமே எனக்கு ஆச்சரியம் குடுக்கணும்னா, ஒரு போன் பண்ணிக் கேட்டுட்டுக் குடுங்க," என்றாள் அவள்.

அவர் சிரிக்கவில்லை. அடுத்த கன்றுக்குத் தண்ணீர் ஊற்றப் போனார்.