மாடி அறைப் பாத்தியம்

நான் பத்திரம் எழுதுகிறவள். பதிவு அலுவலகத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடையில் பாதி இடத்தைப் பிடித்துக்கொண்டு, இருபத்து நான்கு வருஷமாக ஊரார் வீட்டையெல்லாம் விற்றும் வாங்கியும் எழுதிக் கொடுத்து வருகிறேன். எனக்கென்று ஒரு செங்கல் கிடையாது. வாடகை வீடு மாறி மாறி எங்கள் பீரோவுக்கே கால் தேய்ந்துவிட்டது. பழைய நகரத்துக்குள் எங்கள் சக்திக்கு ஒரு வீடு வருகிறது என்று தரகர் சொன்னதும் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடினேன்.

சந்து என்றால் அப்படியொரு சந்து. இரண்டு பேர் குடை பிடித்து எதிரெதிரே வந்தால் ஒருவர் மடக்கியாக வேண்டும். வீட்டுக்கு வீடு ஒரே சுவர். பக்கத்து வீட்டில் தும்மினால் இங்கே நாம் மூக்கைத் துடைத்துக்கொள்ளலாம். புராதனப் பகுதி, முகப்பில் கை வைக்காதே என்று நகராட்சிப் பலகை வேறு. என் வீட்டுக்காரர் மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் அறுப்பவர், எதையும் ஒரு கண்ணை மூடித்தான் பார்ப்பார். அப்படியே பார்த்துவிட்டு, சுவரைத் தட்டி, "கெட்டி" என்றார்.

கீழே கூடம், படுக்கையறை, சமையலறை. மரப்படி ஏறினால் மாடியில் ஒரே ஒரு அறை. காலியாகக் கிடந்தது, ஆனால் தரையில் பொட்டுத் தூசி இல்லை. விற்றவர் ஓய்வு பெற்ற அறிவியல் வாத்தியார். வீடு முழுக்கச் சுற்றிக் காட்டியவர் மாடிக்கு மட்டும் வரவில்லை. முட்டிவலி என்றார். முட்டி எனக்கும்தான் வலிக்கிறது.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. சொத்து விவரத்தைப் பழைய பத்திரத்தைப் பார்த்து அப்படியே எழுதுவோம், பிழை இருந்தால் பிழையோடு. நாம் திருத்தப்போய் நாளைக்கு எல்லை மாறிவிட்டால் யார் பதில் சொல்வது? அந்த வீட்டுக்கு ஏழு பழைய பத்திரங்கள். ஏழிலும் கடைசி வரி ஒன்றேதான்: 'மாடி அறையில் இருப்பவருக்கு, இருக்கும் காலம் வரை, மேற்படி ஒரு அறையில் மட்டும் இருந்துகொள்ளப் பாத்தியம் உண்டு.' பெயர் இல்லை, இன்னாரின் மகன், மகள் என்று எதுவும் இல்லை.

படித்ததும் எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. இத்தனை வருஷம் கழித்து வாங்குகிற வீட்டில் எவருக்கோ பங்கா? மற்றவர் பத்திரத்தில் ஒரு புள்ளியைக்கூட எடுக்காதவள், என் பத்திரத்தில் அந்த வரியையே எடுத்துவிட்டேன்.

பதிவு நாளன்று வாத்தியார் கடைசிப் பக்கத்தில் விரலை வைத்துத் தேடினார்.

"அந்த வரி எங்கம்மா?"

"எடுத்துட்டேன் சார். எப்பவோ போய்ச் சேர்ந்தவங்களுக்கு என் வீட்டுல எதுக்கு ரூம்?"

"எழுதிடுங்களேன். இருந்துட்டுப் போகட்டும்."

"நீங்க பாடம் நடத்துனப்ப நான் குறுக்க வந்தேனா? பத்திரம் என் வேலை."

என் வாய் இருக்கிறதே, அதற்கு ஒரு தாழ்ப்பாள் கிடையாது.  அவர் மடமடவென்று கையெழுத்துப் போட்டுவிட்டு இறங்கிப் போனார். முட்டிவலிக்காரர் நடை இல்லை அது.

முதல் வாரம் எனக்குத் தலைகால் புரியவில்லை. நிலைப்படி, ஜன்னல் கம்பி, குழாய் என்று எல்லாவற்றையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். எட்டாம் நாள், பகல் பதினொரு மணி. வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். மாடிப்படியில் யாரோ நிதானமாக இறங்கி வந்தார்கள். எட்டிப் பார்த்தால் ஆள் இல்லை. பழைய மரம், வெயிலுக்கு முறுக்கிக்கொள்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனாலும் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன். ஏறிப் போகிற சத்தம் அன்றும் கேட்கவில்லை, அதன்பிறகு என்றுமே கேட்கவில்லை.

மறுநாள் யாரும் குளிக்காமலே குளியலறை ஈரமாக இருந்தது. வீட்டில் நாங்கள் இருவர்தான்; தட்டு அடுக்கில் மூன்றாவதாக ஒரு தட்டு கழுவிக் கவிழ்த்திருந்தது. கூடத்து நாற்காலி ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தது; தொட்டால், ஆள் உட்கார்ந்து எழுந்த சூடு. அடுத்த வாரம் ஒரு மத்தியானம் படுக்கையறை உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. வீட்டுக்காரர் தோளால் இடித்தும் அசையவில்லை. சாயங்காலம் பார்த்தால் கதவு விரியத் திறந்து கிடக்கிறது, மெத்தையில் நான் படுக்கிற பக்கம் பள்ளம்.

"நீதானே படுத்திருந்தே?" என்றார்.

"நான் உங்க பக்கத்துலதானேங்க நின்னுட்டிருந்தேன்!"

பக்கத்து வீட்டு அக்கா என்னைச் சந்தில் நிறுத்தினார். "ஏம்மா, யாரையாவது குடி வெச்சிருக்கியா? நேத்து நீங்க வேலைக்குப் போனப்புறம் கதவைத் தட்டினேன். வீட்டுக்காரம்மா இல்லையான்னு கேட்டா, உள்ள இருந்து 'நான்தான்'னு குரல் வருது."

 நேராக வாத்தியார் புதிதாகக் குடியேறிய அடுக்குமாடிக்குப் போனேன். அவர் கதவைத் திறந்ததுமே புரிந்துகொண்டார்.

"இறங்கிட்டாங்களா?"

"சார், நான் பேசினதை மனசுல வெச்சுக்காதீங்க. யார் அது?"

"தெரியாதும்மா. எங்கப்பாவுக்கும் தெரியாது. ஆனா அந்த வரி அவங்களுக்கு ரூம் குடுக்குறதுக்கு இல்ல. மத்த ரூமெல்லாம் நமக்குன்னு சொல்றதுக்கு. 'மட்டும்'னு ஒரு வார்த்தை இருந்துச்சே, அதை நீங்க எடுத்துட்டீங்க."

"பிழைதிருத்தல் பத்திரம் எழுதிடறேன். வந்து கையெழுத்துப் போடுவீங்களா?"

"நான் போடறேன். அவங்க சம்மதிக்கணுமே."

அன்றே எழுதினேன். பழைய வரியை எழுத்து மாறாமல் அப்படியே. அடியில் சம்மதத்துக்கு இரண்டு இடம் விட்டேன்: 'வீட்டின் உரிமையாளர்', 'மாடி அறையில் இருப்பவர்'. மறுநாள் காலை அதைக் கூடத்து மேஜையில் வைத்து, பக்கத்தில் மைப்பெட்டியைத் திறந்து வைத்துவிட்டு இருவரும் வேலைக்குப் போனோம். மத்தியானம் சேர்ந்தே திரும்பினோம்.

மை இன்னும் காயவில்லை. பெரிய பெருவிரல் பதிவு ஒன்று. என் தொழிலில் ஆயிரம் கைநாட்டு பார்த்திருக்கிறேன், தேய்ந்த விரலெல்லாம் பார்த்திருக்கிறேன். ரேகையே இல்லாத விரலை அன்றுதான் பார்த்தேன். அது 'வீட்டின் உரிமையாளர்' என்ற இடத்தில் விழுந்திருந்தது. மற்ற இடம் காலியாக இருந்தது.

"வா, போயிடலாம். மறுபடி வாடகைக்கே போயிடலாம்" என்றார் வீட்டுக்காரர். 

"எங்கங்க போறது? இருந்ததெல்லாம் வழிச்சு இதுல போட்டாச்சு. யாராவது வந்து வாங்குவாங்களா இதை?"

மேஜைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதேன். ஆத்திரம், பயம், வெட்கம் எல்லாம் சேர்ந்த அழுகை. முகத்தைத் துடைத்துக்கொண்டு அந்தத் தாளை மறுபடி படித்தேன், அடுத்தவர் பத்திரத்தைப் படிக்கிற மாதிரி. காலியாக இருக்கிற இடம் ஒன்றே ஒன்று. அதையும் விட்டுவிட்டால் நமக்கு ஒரு அறைகூட இல்லை. பேனாவை எடுத்துப் பளிச்சென்று என் கையெழுத்தைப் போட்டேன்.

மெத்தை, அடுப்பு, துணிமணி எல்லாவற்றையும் மாடிக்கு ஏற்றிவிட்டோம். பீரோ படியில் ஏறவில்லை, கீழேயே விட்டுவிட்டோம். அதன்பிறகு ஒரு தொந்தரவும் இல்லை. படுத்தால் தூக்கம் வருகிறது. கீழே நடமாட்டம் கேட்கும், குழாய் திறக்கும், ஜன்னல் சாத்தும். நாங்கள் பேச்சைத் தாழ்த்திக்கொள்வோம்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரர் சுவர்க் கடிகாரத்தையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு நின்றார்.

"இங்க ஆணி அடிக்கட்டுமா?"

"இருங்க" என்றேன். "கீழ ஒரு வார்த்தை கேட்டுட்டு அடிங்க."

 அவர் இறங்கிப் போனார். கொஞ்ச நேரம் கழித்து ஏறி வந்து, கடிகாரத்தைத் தரையில் சுவரோரமாகச் சாய்த்து வைத்தார்.

"வேண்டாமாம்" என்றார்.