பொட்டு வைத்த கோல்ஃப் மட்டைகள்

பாலம்மாவின் மகன் தினேஸ் மெல்பேர்னில் இருந்து லீவில் வந்து இறங்கினான். ஒரே தங்கச்சி கிருஷாந்தியைப் பெண் பார்க்க வருகிறார்கள், அதற்குத்தான். ஆனால் வேனில் இருந்து முதலில் இறங்கியது அவன் இல்லை. ஆளுயரக் கறுப்புப் பை ஒன்று. உள்ளே கோல்ஃப் மட்டைகள். நெருக்கி வைத்தால் வளைந்துவிடுமாம். சீட்டுகளில் அதை நீட்டிப் படுக்க வைத்ததால், கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு அழைக்கப் போன அப்பா இராமையா பஸ்ஸில் திரும்பி வந்தார். எங்கள் குண்டசாலை ஒழுங்கை முழுக்க வீட்டு வாசல்களில் நின்று அதைப் பார்த்தது. நான் மதிலுக்கு இந்தப் பக்கம் நின்று கொஞ்சம் கூடுதலாகவே பார்த்தேன்.

"திகன பக்கம் கோல்ஃப் மைதானத்துலயே மட்டை வாடகைக்குக் குடுக்கிறாங்களாமே தம்பி?" என்று கேட்டும் வைத்தேன்.

"சீ! கண்டவன் வேர்வை பட்டதை யாரு அன்ட்டி பிடிப்பா?" அவன் உதட்டைச் சுழித்த சுழிப்பில் என் கையையே ஒருதரம் கழுவலாமா என்று இருந்தது.

மாப்பிள்ளை வீட்டார் வந்தது ஆயுத பூசையன்று பின்னேரம். பாலம்மா புசல்லாவைத் தோட்டத்தில் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்திக்கே பொட்டு வைத்தவள். அவளுக்கு வீட்டில் உள்ள ஆயுதம் எல்லாம் சாமி முன்னால் வந்தாக வேண்டும். அருவாமனை வந்தது, தையல் மெஷின் வந்தது, கிருஷாந்தியின் லெப்டொப்கூட வந்தது. மகன் சீமையில் இருந்து தூக்கிவந்ததை மட்டும் விடுவாளா? பையைத் திறந்து, மட்டைகளைச் சுவரில் சாய்த்து, ஒவ்வொன்றுக்கும் சந்தனம் பூசி நடுவில் குங்குமம் வைத்திருந்தாள். அழகாகத்தான் இருந்தது. சுண்டல் வாங்கும் சாக்கில் போனவள், நானும் கும்பிட்டேன்.

மாப்பிள்ளை ரமேஸ், நாவலப்பிட்டிப் பையன். பார்த்ததுமே இரண்டு பேருக்கும் பிடித்துப்போனது முகத்தில் தெரிந்தது. அவனுடைய அம்மா புஷ்பம் குங்குமத் தட்டை எடுத்துக்கொண்டு, "வாம்மா" என்று கிருஷாந்தியைக் கூப்பிட்டாள். அவள் பொட்டு வைத்துவிட்டால் சம்பந்தம் பேசி முடிந்த மாதிரி.

அந்த நேரம் பார்த்துக் குளித்துவிட்டு வந்தான் தினேஸ்.

"யாரும்மா இதத் தொட்டது?"

"பூசைடா, தம்பி..."

"கறை பிடிக்கும்மா! அருவருப்பா இருக்கு." சாமிக்கு முன்னால் குந்தி, ஈர டிஷ்யூவால் ஒவ்வொரு மட்டையாகத் துடைத்தான். டிஷ்யூ செக்கச்செவேல் என்று ஆனது.

புஷ்பத்தின் கை அந்தரத்தில் நின்றது. "பொண்ணுக்குப் பொட்டு வைக்கிற நேரத்துல கூடப்பொறந்தவன் குங்குமத்த அழிக்கிறான். நான் எப்படி வைப்பேன்?" தட்டைக் கீழே வைத்தாள். பிறகு கொஞ்சம் இறங்கி வந்தாள். "அழிச்ச கையாலயே ஒரு மட்டைக்குத் திருப்பி வைக்கச் சொல்லுங்க. போதும்."

ஒரே ஒரு பொட்டு. இராமையா மகனைக் கெஞ்சுகிற மாதிரிப் பார்த்தார். தினேஸ் தங்கச்சியைப் பார்த்தான், மட்டையைப் பார்த்தான்.

"நாளைக்குக் காலையில விளையாடணும் அன்ட்டி," என்றான். பையின் சிப்பை இழுத்து மூடினான்.

புஷ்பம் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டாள். ரமேஸ் போவதா நிற்பதா என்று தெரியாமல் நின்றான். கிருஷாந்தி தட்டோடு அவர்களைத் தாண்டிப்போய்க் கேட்டை மறித்தாள்.

"அண்ணன் வைக்கமாட்டாரு அத்தை. அவரு அழிச்சது அவரு சாமான்ல, என் நெத்தியில இல்ல. வைக்கிறதுன்னா எனக்கு வைங்க."

புஷ்பம் அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"இப்பவே இந்த வாயா!" என்று சொல்லிக்கொண்டே வைத்தாள். ரமேஸுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

உள்ளே, சிவந்த டிஷ்யூக்கள் தரையில் கிடந்தன. குங்குமம் யார் காலிலும் படக்கூடாது என்று பாலம்மா குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள்.

"கையக் கழுவுங்கம்மா, சீ!" என்றான் தினேஸ், பையைத் தடவிக்கொண்டு.

எனக்கும் சீ என்றுதான் வந்தது. சுண்டலை அப்படியே வைத்துவிட்டு வந்தேன்.