நாற்பதுக்கு மேல் போகாத வண்டி

சந்திரகிரியைத் தாண்டும்போதே வேனின் வெப்பம் காட்டும் முள் சிவப்பில் ஏறிவிட்டதை ஜெயபிரகாஷ் பார்த்தான். இருபது வருஷமாக ஸ்டியரிங் பிடிப்பவன். ஓரம் கட்டி அரை மணி நேரம் ஆறவிட வேண்டும் என்பது அவனுக்குத் தெரியாததல்ல. ஆனால் பின்னால் பதினான்கு பெண்கள் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். திருப்பதிக்கு வெளியே அவர்கள் வேலை செய்யும் கம்பெனியில் காலை ஆறு மணிக்குக் கேட்டை மூடிவிடுவார்கள். மாதத்தில் ஒரு நாள் தாமதமானாலும் அந்த மாத போனஸ் ஆயிரத்தைந்நூறு போய்விடும். அன்று தேதி இருபத்தெட்டு.

அவன் நிறுத்தவில்லை. ஐந்து ஐம்பத்துமூன்றுக்கு வேன் கேட்டுக்குள் நுழைந்தது. பெண்கள் இறங்கிப் போனார்கள். வண்டி ஒருமுறை உடம்பை உதறிக்கொண்டு அடங்கியது. அதற்குப் பிறகு சாவிக்கு அசையவே இல்லை.

சித்தூருக்கு இழுத்து வந்து மெக்கானிக் சலீமின் பட்டறையில் விட்டார்கள். மறுநாள் போனபோது இன்ஜின் துண்டு துண்டாகச் சாக்கின் மேல் கிடந்தது. சலீம் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தான்.

“இன்ஜின் ஹெட்டு வளைஞ்சிருக்கு. பிஸ்டன் நாலும் போச்சு. ரேடியேட்டர் பூரா உப்பு. போர் தண்ணி தானே ஊத்திக்கினு இருந்த?”

“கூலன்ட் விக்கிற வெலையில...” என்று ஜெயபிரகாஷ் இழுத்தான். “இப்ப எவ்ளோ பாய் ஆவும்?”

“ரெண்டு வழி கீது. இதையே சிலிண்டர் கடைஞ்சு, கிராங்க் கடைஞ்சு, புது பிஸ்டன் போட்டா தொண்ணூத்தஞ்சாயிரம். பன்னெண்டு நாள். இல்லாட்டி வேற பழைய மோட்டார் எறக்கிடலாம். அம்பத்தஞ்சு. மூணே நாள்.”

“அப்ப அதையே எறக்கிடு பாய்.”

“முழுசா கேளு. அந்த மோட்டாருக்குப் பேப்பர் லேது. எந்த வண்டியில இருந்து கழட்டினதோ. அதுல கீற நம்பர ராவிட்டு, உன் ஆர்சி நம்பர அடிச்சுக் குடுப்பாங்க. நான் ரெண்டையும் சொல்லிட்டேன். ஓட்டப் போறது நீ.”

கேட்டதும் சரி என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. அவன் லைனில், அந்தப் பெண்களை ஏற்றிப்போகும் ஓட்டத்தில், இப்போது இன்னொரு வேன்காரன் கன்னையாவின் வண்டி ஓடிக்கொண்டிருந்தது. கம்பெனி சூப்பர்வைசர் போனில் தெலுங்கில் தெளிவாகச் சொல்லிவிட்டார்: பதினைந்தாம் தேதி வண்டி வந்தாக வேண்டும், வந்த பிறகு ஒரு நாள் தாமதமானாலும் லைன் கன்னையாவுக்கு. அந்த லைன் போனால் வீட்டில் அடுப்பு எப்படி எரியும் என்று அவனால் யோசிக்கக்கூட முடியவில்லை.

மனைவி கலைவாணி மாம்பழக் கூழ் கம்பெனியில் வேலை முடிந்து, சேலையெல்லாம் மாம்பழ வாசனையோடு வந்து உட்கார்ந்தாள். நடந்ததைச் சொன்னான். சலீமின் இரண்டாவது வழியைச் சொல்லும்போது மட்டும் குரல் தாழ்ந்தது.

அவள் பெருமாள் படத்தைப் பார்த்தாள். படத்தின் கீழே ஆணியில் மஞ்சள் துணி முடிப்பு தொங்கியது. வண்டி வாங்கிய நாளிலிருந்து ஒவ்வொரு மாசமும் திருமலை உண்டியலுக்கென்று முடிந்து வைத்த பணம். இருபத்திரண்டாயிரம் சேர்ந்திருந்தது.

“அத அவுத்துக்க,” என்றாள்.

“சாமி காசும்மே.”

“அவரே கல்யாணத்துக்குக் குபேரன் கிட்ட கடன் வாங்கிட்டு இன்னும் வட்டி கட்டிக்கினு கீறாரு. கடன்காரன் கஷ்டம் அவருக்குத் தெரியாதா? வட்டியோட திருப்பிப் போட்டுடு.” காலை நீட்டிக்கொண்டாள். “நம்பர் ராவின வண்டில அவரு படத்த மாட்டிக்கினு போறதுக்கு இது மேலு.”

முடிப்பை அவிழ்த்து, மீதிக்குப் பைனான்ஸில் கையெழுத்துப் போட்டான். பன்னிரண்டு நாளும் பட்டறைக்குப் போய், லேத்தில் கடைசலுக்குக் கொடுத்த சாமான்களைத் தூக்கிக்கொண்டு வருவதும் போவதுமாக இருந்தான். உடம்பு வலித்ததைவிட மனசு அதிகம் ஓய்ந்திருந்தது.

பதினான்காம் தேதி மதியம் இன்ஜின் உயிர்பெற்றது. சலீம் புது கூலன்ட் டப்பாவை உடைத்துத் தானே ஊற்றினான்.

“இதுக்குக் காசு வேணாம். இன்னொரு தபா போர் தண்ணி ஊத்தினா இந்தப் பக்கம் வராத,” என்றான். “அப்புறம், ஆயிரத்து ஐநூறு கிலோமீட்டர் வரைக்கும் நாப்பதத் தாண்டாத. புது பிஸ்டன் பழகி உக்காரணும். வெரட்டினா போட்ட காசு பூரா மண்ணு.”

ஜெயபிரகாஷ் வேனின் படியிலேயே உட்கார்ந்துவிட்டான். கம்பெனிக்கு எழுபது கிலோமீட்டர். நாலரைக்குக் கிளம்பி நாற்பதிலேயே போனால், போய்ச் சேரும்போது ஆறேகால். பத்துப் பன்னிரண்டு நாளைக்கு அப்படித்தான். முதல் நாளே லைன் போய்விடும். மூன்று மணிக்கே எழுந்து சோறாக்கி வைத்துவிட்டு வரும் பெண்களிடம் இன்னும் சீக்கிரம் எழுந்திருங்கள் என்று கேட்கலாம் என்பது அவன் புத்தியிலேயே தோன்றவில்லை.

சாயங்காலம் நாலு மணிக்குப் பெண்கள் வந்து இறங்கும் இடத்துக்குப் போனான். கன்னையா வேனை நிறுத்தியதும் அருகில் போய் விஷயத்தைச் சொன்னான். “நீயே வெச்சுக்கோ கன்னையா. என்னால முடியல.”

“எனக்கு வேணாம்பா. உன் லைன் பொம்பளைங்க பேசற பேச்சுல எனக்கு ஒரு காது போயிடுச்சி,” என்றான் கன்னையா. சிரித்தாலும் கண்ணைத் தாழ்த்திக்கொண்டான். லைன் அவனுக்கும் வேண்டியதுதான்.

வேனிலிருந்து இறங்கிய ரூபா கையில் டிபன் பையோடு அப்படியே நின்றாள். “இன்னாண்ணா, நாலு மணிக்கு எடுத்தா ஆறுக்குள்ள பூடலாமா?”

“போலாம். ஆனா நீங்க...”

“எனக்கு முடியாதுப்பா,” என்றாள் பின்னாலிருந்து காவ்யா. “பாப்பா மூணரைக்குத்தான் பால் குடிச்சுத் தூங்கும்.”

யாரும் அவளைக் குறை சொல்லவில்லை. எல்லோர் முகத்திலும் அதே தூக்கம்தான் இருந்தது. கேன்டீனில் பாத்திரம் கழுவும் சுந்தரம்மா மட்டும் மெதுவாகப் படி இறங்கியபடி சொன்னாள்:

“அன்னிக்கு முள்ளு செவப்புல ஏறினத நான் முன்சீட்டுல இருந்து பாத்துக்கினு தான் இருந்தேன். நிறுத்து நைனான்னு என் வாயில வரல. என் போனஸும் அதுல இருந்துச்சி.” பையை எடுத்துக்கொண்டு நடந்தாள். “நாலு மணிக்கு வண்டியக் கொண்டாண்ணா,” என்றாள் ரூபா.

மறுநாள் காலை நாலு மணிக்கு ஜெயபிரகாஷ் வேனைக் கொண்டுபோய் நிறுத்தினான். விளக்குக் கம்பத்தின் கீழே கூட்டமாக நின்றார்கள். ஒருத்தி தலை வாரவில்லை. ஒருத்தி நின்றபடியே ரொட்டி தின்றுகொண்டிருந்தாள். எண்ணிப் பார்த்தான், பதின்மூன்று. காவ்யா இல்லை.

“இன்னும் ரெண்டு நிமிசம் பாரு,” என்றாள் சுந்தரம்மா.

தெருமுனையிலிருந்து காவ்யா ஓடி வந்தாள். அவள் புருஷன் பின்னாலேயே, தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, அவள் மறந்த செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு வந்தான்.

“பால பாட்டில்ல எடுத்து வெச்சுட்டேன்,” என்று மூச்சிரைக்கச் சொன்னாள். “பத்து நாள் தானேண்ணா?”

“பன்னெண்டு நாளும் ஆவலாம்மா.”

“போ, பொய் சொல்லத் தெரியாதவனே,” என்று ஏறி உட்கார்ந்தாள்.

நாற்பதைத் தொடாமல், முப்பத்தெட்டிலேயே வைத்து ஓட்டினான். லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு கடந்து போயின. ஒரு ஸ்கூட்டர்காரன்கூட முந்திக்கொண்டு போனான். சந்திரகிரிக்கு முன்னாலேயே பின்னால் பேச்சு ஓய்ந்துவிட்டது. கண்ணாடியில் பார்த்தான். எல்லோரும் தூங்கிப்போயிருந்தார்கள், அரை மணித் தூக்கக் கடனை வழியிலேயே அடைத்துக்கொள்பவர்கள் மாதிரி. முன்சீட்டில் சுந்தரம்மா மட்டும் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, அந்த முள்ளையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

“தூங்கும்மா,” என்றான்.

“நீ ரோட்டப் பாரு நைனா. இத நான் பாத்துக்கறேன்.”