பூசணிக்குத் துணையாகத் தும்பை

யாழ்ப்பாணக் கோட்டைச் சண்டையில் குருநகர்க் கடற்கரை வீட்டின் கூரை போனபின், கனிசியஸும் மனைவி கத்தரீனாவும் அரியாலைக்கு வந்து சேர்ந்தார்கள். கடலுக்குப் போகத் தடை. வலையைத் தவிர வேறு தொழில் அறியாத மனிதன் இனி என்ன செய்வது என்று தவித்திருந்தபோது, அங்கே தோட்டம் செய்துவந்த நாகலிங்கம் என்ற கமக்காரர் தன் வீட்டு வளவின் பின்பக்கத்தில் குடியிருக்கக் கொட்டில் போட இடம் கொடுத்தார். பக்கத்தில் சும்மா கிடந்த துண்டு நிலத்தையும் காட்டி, “பூசணி போடும், தம்பி. பெரிய பாடில்லை” என்றார். குத்தகைப் பேச்சையே எடுக்கவில்லை.

அந்த நல்ல மனதுக்கு எப்படி நன்றி காட்டுவது என்று தெரியாமல், கனிசியஸ் நிலத்தைத் துடைத்து வைத்தான். வரப்பில் மண்டிக் கிடந்த தும்பை, எல்லையோரம் மஞ்சளாய்ப் பூத்து நின்ற ஆவாரை, எல்லாவற்றையும் வெட்டி எரித்தான். “கோயில் வீதி மாதிரியெல்லோ வைச்சிருக்கிறீர்!” என்று நாகலிங்கம் மெச்சியபோது அவனுக்கு மனம் நிறைந்துபோயிற்று.

கொடி நன்றாகத்தான் ஓடியது. பூவும் பூத்தது. ஆனால் பிஞ்சுகள் பெருவிரல் அளவுக்கு வந்ததும் மஞ்சளித்து உதிர்ந்தன. கத்தரீனா சாம்பல் தூவிப் பார்த்தாள். அந்தோனியாருக்கு நேர்ந்தும் பார்த்தாள். ஒன்றும் நிற்கவில்லை.

நிலம் தந்தவர் முகத்தில் எப்படி விழிப்பது? கனிசியஸ் ஒருநாள் விடியவே எழும்பிப்போய்க் கொடிகளுக்கு நடுவே குந்தினான். கடலில் பறவை எங்கே இறங்குகிறது என்று பார்த்து வலை விட்டவன் அவன்; பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருக்கத் தெரியும். பூசணிப் பூக்கள் விரிந்தன. வெயில் ஏறியது. ஒரு தேனீகூட இறங்கவில்லை. தலைக்கு மேலே ஒரு கருவண்டு மட்டும் இரைந்துகொண்டு பறந்துபோயிற்று. அது போன திசையில் நடந்தான். கடல்நீரேரிக் கரையில், ஒருவரும் தொடாத பற்றைக்குள், ஆவாரையிலும் தும்பையிலும் தேனீயும் வண்டும் மொய்த்துக் கிடந்தன.

“கத்தரீனா, அதுகளின்ரை சாப்பாட்டை நான்தான் எரிச்சுப்போட்டன்” என்றான் திரும்பி வந்து.

“அப்ப திருப்பி வையுங்கோவன்.”

நாகலிங்கத்திடம் கேட்கத்தான் கூச்சமாக இருந்தது. கேட்டதும் அவர் சிரித்தார். “களையை நடப்போறீரோ?”

“ஓம் ஐயா. தேனீ பூவுக்குப் பூ தாவினால்தான் பிஞ்சு நிக்கும். பூசணி பூக்கிறது கொஞ்ச நாள். மற்ற நாளெல்லாம் தேனீ எதைக் குடிக்கும்? சாப்பாடு இல்லாத இடத்துக்கு ஏன் வரப்போகுது?”

நாகலிங்கத்தின் சிரிப்பு நின்றது. “என்ரை பாகலும் அப்பிடித்தான் காய்க்குதில்லை. முந்திப் பூச்சிமருந்து அடிச்சனாங்கள், இப்ப பொருளாதாரத் தடையாலை அதுவும் வாறதில்லை, எண்டாலும் தேனீயைக் காணேல்லை” என்றார். “சரி, நடும். உம்மடை நிலம் மாதிரி நினைச்சுச் செய்யும்.”

மாரி மழைக்குக் கனிசியஸும் கத்தரீனாவுமாக நீரேரிக் கரையிலிருந்து தும்பைக் கன்றுகளை ஈரமண்ணோடு கிண்டி வந்து வரப்பெல்லாம் நட்டார்கள். ஆவாரை அடிக்கட்டைகள் தாமாகவே துளிர்த்தன. மழை விட்டதும் மறுபடி பூசணி விதை போட்டார்கள்.

கொடி பூத்த காலையில் தோட்டம் இரைந்தது. தும்பையைச் சுற்றிய தேனீக்கள் பூசணிக்கும் தாவின. கருவண்டு ஒன்று பூவுக்குள் புகுந்து, உடம்பெல்லாம் மஞ்சள் தூள் அப்பிக்கொண்டு வெளியே வந்து, அடுத்த பூவுக்குள் போனது. கத்தரீனா சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டாள்.

பிஞ்சுகள் நின்றன.

முதற்காயைக் கனிசியஸ் தோளில் சுமந்துபோய், நாகலிங்கத்தின் மனைவி நல்லம்மாவிடம் கொடுத்தான். “எங்களுக்கு இடம் தந்தனீங்கள்...” என்று தொடங்கினான்.

நல்லம்மா காயை இரண்டு கையாலும் வாங்கினாள். “இவ்வளவு பெரிசை நாங்கள் ரண்டுபேர் என்னெண்டு தின்னுறது? கத்தரீனாவையும் கூட்டிக்கொண்டு மத்தியானம் வாங்கோ. இஞ்சை சாப்பிடலாம்.”

நால்வருமாக இருந்து சாப்பிட்டார்கள். எழும்பும்போது நாகலிங்கம் தொண்டையைச் செருமினார்.

“தம்பி, அந்தத் தும்பைக் கன்று எனக்கும் கொஞ்சம் தாருமன். பாகல் பந்தலடியிலை வைப்பம்.”

“பின்னேரமே கொண்டுவாறன், ஐயா.”

அரியாலைக்கு வந்த நாளில் இருந்து வாங்கிக்கொண்டே இருந்தவன் அவன். கொட்டிலுக்குத் திரும்பும் வழியெல்லாம், எந்தக் கன்று நல்ல கன்று என்று கத்தரீனாவிடம் சொல்லிக்கொண்டே நடந்தான்.