சுடாத கூலர்

முருகையா பெடாஸ் பக்கத்து எஸ்டேட்டில் பட்டறை ஃபிட்டர். மகள் பஞ்சாலையைத் தம்பின் ஊர்ப் பையன் அமிர்தலிங்கத்துக்குப் பேசியபோது, சீராகப் பெரிய மோட்டார் சைக்கிள்தான் வேண்டுமென்று மாப்பிள்ளை ஒற்றைக் காலில் நின்றான். சிங்கப்பூர்க்காரன் ஒருவன் கழித்துப்போட்ட வண்டியை வாங்கி, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அதோடு மல்லுக்கட்டி, முருகையா ஓடவைத்தார். எஞ்சின் சூட்டைத் தணிக்க முன்னால் ஓர் ஆயில் கூலரும் மாட்டினார்.

வினை அந்தக் கூலரில்தான் வந்தது. பசார் கடைத்தெரு வரைக்கும் போய்வந்து மாப்பிள்ளை தொட்டுப் பார்த்தால், கூலர் சில்லென்று இருந்ததாம். சுடாத கூலர் என்ன கூலர், கிழவன் ஒப்புக்குத் தகரத்தை மாட்டி ஏமாற்றிவிட்டான் என்று கூட்டாளிகள் தூபம் போட்டார்கள்.

அது சுடாமல் இருந்ததுதான் சரி. குழாய் நடுவே தெர்மோஸ்டாட் என்றொரு வால்வு உண்டு. அதன் வயிற்றில் மெழுகு. ஆயில் சூடேறாதவரை கூலருக்குப் போகும் வழியை அடைத்து, கிட்டத்து வழியாக எஞ்சினுக்கே திருப்பிவிடும். நெடுந்தூரம் ஓடி ஆயில் நன்றாகக் காய்ந்த பிறகு மெழுகு உருகி விரிந்து தண்டைத் தள்ளும். கூலர் வழி திறக்கும், கிட்டத்து வழி மூடும். லாரி வால்வுகளை அப்பா கொதிக்கிற தண்ணீரில் போட்டுச் சோதிப்பதைப் பார்த்து வளர்ந்தவள் பஞ்சாலை. வால்வை எடுத்துவிட்டால் ஆயில் எப்போதும் கிட்டத்து வழியிலேயே ஓடிவிடும், கூலர் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது என்று புருஷனிடம் சொன்னாள். பொம்பளை சொல்லி மோட்டார் ஓட்டுவதா? வால்வுதான் கூலர் வழியை மறிக்கிறது என்று அதைப் பிடுங்கி எறிந்தான். அடுத்த வாரமே சிரம்பான் போகிற வழியில், உச்சி வெயிலில், எஞ்சின் இறுகி நின்றது.

வண்டியை லாரியில் ஏற்றிக்கொண்டு மாப்பிள்ளையும் அவன் அம்மா செல்லம்மாவும் பஞ்சாலையும் முருகையா வீட்டு வாசலில் வந்து இறங்கினார்கள். தன் கை கூலரில் படவே இல்லை, மாமனார் மாட்டியதில்தான் கோளாறு என்று மாப்பிள்ளை சாதித்தான். லயத்து வீட்டுச் சனமே கூடிவிட்டது. அடுத்த வீட்டுச் சண்டை என்றால் யாருக்குத்தான் கசக்கும்? முருகையாவின் கண் மகளுடைய கன்னத்துக்குப் போனது. வீங்கிக் கன்றியிருந்தது. என்னவென்று கேட்கத் தேவையிருக்கவில்லை.

"தொறந்து பாத்துட்டு எல்லாரு முன்னாலயும் சொல்லுங்கப்பா," என்றாள் பஞ்சாலை. "வால்வு உள்ள இருக்கா, இல்லயா?"

முருகையா ஸ்பேனரை எடுத்து வால்வு மூடியைக் கழற்றினார். உள்ளே வெறும் ஓட்டை. நிமிர்ந்து பார்த்தார். மாப்பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். வாய்வரை வந்த உண்மையை முருகையா மென்று விழுங்கினார். நாலு பேர் நடுவே இவன் மூக்கை உடைத்தால், வீட்டுக்குப் போய் இவன் எதை உடைப்பான்? பெண்ணைக் கொடுத்தவன் குனிந்துதான் போகவேண்டும்.

யாரும் எட்டிப் பார்க்குமுன் மூடியைத் திருகினார். "எல்லாம் உள்ளதான் இருக்கு. நான் மாட்டுனதுலதான் கோளாறு. என் தப்புங்க மாப்பிள்ள. எஞ்சின நானே செஞ்சு குடுத்துர்றேன்."

அமிர்தலிங்கத்துக்கு மூச்சு வந்தது. செல்லம்மா மருமகள் பக்கம் திரும்பினாள். "கேட்டியா? எம்புள்ளதான் வால்வப் புடுங்குனான்னு சொன்ன. எங்கப்பா தப்புப் பண்ணமாட்டாருன்னு நின்ன, அவன் அடிச்சும்கூட நீ மாத்திப் பேசலையே. பெத்தவரே சொல்லிட்டாருலா. இனி நீ எதச் சொன்னாலும் எங்க வீட்டுல நாய்கூட நம்பாது."

அப்போதுதான் முருகையாவுக்கு உறைத்தது. அவள் அடிபட்டது அவருக்காக. அவரோ அவளைப் பொய்க்காரி ஆக்கிவிட்டார். மாற்றிச் சொல்ல வாயெடுத்தார். இனிச் சொன்னால், பெண்ணுக்காகப் புளுகுகிறான் என்பார்கள். கூட்டமும் கலைந்துகொண்டிருந்தது.

வண்டியைப் பட்டறையில் இறக்கிப் போட்டுவிட்டு அவர்கள் கிளம்பினார்கள். லாரியில் ஏறுமுன் பஞ்சாலை அவரிடம் வந்தாள். அழவில்லை. கையில் ஒரு துணிப்பை இருந்தது.

"நீங்க உள்ளதச் சொல்லுவீங்க, நான் இங்கயே இருந்துக்கலாம்னுதான்பா துணியெல்லாம் எடுத்துட்டு வந்தேன்," என்றாள்.

பிறகு பையை முதலில் லாரிக்குள் வைத்துவிட்டு, மாமியார் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.