கையை எடுக்காதவர்கள்

பனிக்கட்டி மிதந்த வாளிக்குள் மணிக்கட்டு வரை கையை விட்டபடி தச்சர் சிரித்துக்கொண்டிருந்தார். பிள்ளைகள் பார்க்கிறார்கள் என்பதற்காகப் பல் பிடுங்கும் நாற்காலியில் அப்பாக்கள் வீறாப்பாகச் சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு. உதடு வெளுத்திருந்தது. நெற்றியில் வியர்வை பூத்திருந்தது. எதிரில் கடிகாரத்தோடு உட்கார்ந்திருந்த பெண், "முடியலைன்னா எடுத்துடுங்க, ஒண்ணும் தப்பில்லை" என்றாள். "எனக்கென்னம்மா, ஜம்முன்னு இருக்கு" என்றார் தச்சர். இதற்கு மேல் யாரும் வைத்திருக்கக் கூடாது என்று விதித்திருந்த நேரம் முடிந்து மணி அடித்த பிறகுதான் கையை எடுத்தார். விரல்கள் மடங்க மாட்டேன் என்றன. இன்னொரு கையால் அவற்றை ஒவ்வொன்றாக மடக்கிக்கொண்டு, அந்தக் கையை அவள் தலையில் வைத்து எதையோ முணுமுணுத்துவிட்டு, போர் முடித்து வந்தவர் மாதிரி நடந்து வெளியே போனார்.

தடுப்புத் திரையின் இடைவெளி வழியாக இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள் சுருதியக்கா. திரைக்கு இந்தப் பக்கம் தேவாலயக் கூடத்தில் பாட்டுக்குழுவின் மிச்சப் பேர் முறைக்காகக் காத்திருந்தார்கள். உள்ளே போன அத்தனை பேரும் மணி அடிக்கும் வரை இருந்துவிட்டே வந்தார்கள். குளிர்ந்த டம்ளரைக் கூடத் துணி சுற்றிப் பிடிக்கிற, கீழ்க்குரல் பாடும் ஓய்வுபெற்ற தபால்காரம்மா உட்பட. ஒவ்வொரு மணிக்கும் சுருதியக்காவுக்கு நெஞ்சு ஒரு விரற்கடை உயர்ந்தது. அவள் நடத்துகிற குழு. கடிகாரத்தோடு உட்கார்ந்திருக்கும் அவள் மருமகளின் ஆராய்ச்சி. இதற்கு மேல் ஒரு மனுஷிக்கு என்ன வேண்டும்?

மருந்துக் கம்பெனியில் எடை சரிபார்க்கும் பிரிவில் அவளுக்கு வேலை. வாரத்தில் இரண்டு மாலையும் ஞாயிறு காலையும் பாட்டுக்குழு. யார் குரல் ஒரு நூல் இறங்கினாலும் நெற்றியைச் சுருக்கிவிடுவாள் என்பதால் வந்த பெயர் சுருதியக்கா. அசல் பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். மகன் காதலித்துக் கூட்டி வந்த பெண் எந்தக் கோயிலுக்கும் போகாத வீட்டில் வளர்ந்தவள், சாப்பாட்டுக்கு முன் ஜெபிக்கும்போது கண்ணைத் திறந்துகொண்டே மரியாதையாகக் காத்திருப்பவள். முதல் ஆறு மாதம் மாமியாருக்கும் மருமகளுக்கும் இடையில் பேச்சு என்றால், "சாப்பிட்டியா", "சாப்பிட்டேன் அத்தை" என்பதோடு சரி.

அதை உடைத்தது அந்த ஆராய்ச்சிதான். பல்கலைக்கழகத்தில் என்னதான் படிக்கிறாய் என்று ஒரு நாள் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். மருமகள் எதிரே உட்கார்ந்து தானும் ஒரு பிடி கீரையை எடுத்துக்கொண்டாள். ஆரம்ப காலத்துக் கிறிஸ்தவர்களைப் பற்றி என்றாள். கூலிகள், அடிமைகள், கைம்பெண்கள். கோபுரம் கிடையாது, பணம் கிடையாது, யாரோ ஒருவர் வீட்டில் கூடிச் சாப்பிட்டார்கள், பாடினார்கள். விடியுமுன் கூடிப் பாடுகிறார்கள் என்று அவர்களைப் பிடிக்காத ஓர் அதிகாரியே எழுதி வைத்திருக்கிறான். அந்தக் காலத்தில் அப்படி எத்தனையோ சிறு கூட்டங்கள் தோன்றிக் கலைந்துபோயின. இவர்கள் ஏன் கலையவில்லை?

"ஆண்டவர் கூட இருந்தார்" என்றாள் சுருதியக்கா.

"இருக்கலாம் அத்தை. அது என் கருவிக்குத் தெரியாது. அவங்க உடம்புலயும் மூளையிலயும் என்ன நடந்துச்சுன்னு மட்டும்தான் நான் பாக்கறேன். மனுஷன் காட்டுல கூட்டமா அலைஞ்ச காலத்துலேருந்து சேர்ந்து பாடறான், சேர்ந்து ஆடறான். அப்படிச் செய்யும்போது வலியைத் தணிக்கிற ஒண்ணு உள்ளுக்குள்ள சுரக்குது, பக்கத்துல இருக்கறவன் நம்ம ஆளுன்னு தோணுதுன்னு சிலர் சொல்றாங்க. அது நிஜமான்னு பாக்கணும்."

சுருதியக்காவின் கை நின்றது. கணவரை அடக்கம் செய்துவிட்டு வந்த வாரம், வரமாட்டேன் என்று அழுதவளை இழுத்துக்கொண்டு போய்க் குழுவின் நடுவில் நிறுத்தினார்கள். மூன்றாவது சரணத்தில் தன் குரல் எது, அடுத்தவள் குரல் எது என்று தெரியாமல் போனது. நெஞ்சில் கிடந்த கல் அப்படியே இருந்தது. ஆனால் அதைத் தூக்கிக்கொண்டு நிற்பது தான் மட்டுமில்லை என்று இருந்தது. இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. மருமகளிடம் சொன்னாள். சொல்லி முடித்து, "அப்ப அது வெறும் சுரப்புதானா?" என்று கேட்டாள்.

"வெறும்னு நான் எப்ப சொன்னேன்?" என்றாள் மருமகள். அவள் கண் கலங்கியிருந்தது.

அன்றிலிருந்துதான் இருவரும் ஒரு கட்சி. போதகர், "ஆவியின் அனுபவத்தை ஐஸ் வாளியிலயா அளக்கறது?" என்று தயங்கியபோது, "ஐயா, எடை போடறதால மருந்து கெட்டுப் போறதில்லையே" என்று கேட்டு, கூடத்தின் சாவியையும் அவரிடமே வாங்கி வந்தாள் சுருதியக்கா.

முதல் சுற்று போன மாதம் நடந்தது. ஒவ்வொருவரும் தனித்தனி அறையில் காதில் கருவி மாட்டிக்கொண்டு தனியாகப் பாடிவிட்டு, வாளியில் கையை விட்டார்கள். எத்தனை நேரம் வலி தாங்குகிறார்கள் என்று மருமகள் குறித்துக்கொண்டாள். அன்றைக்குத் தச்சர் போட்ட கூச்சலில் தெருவில் போன சைக்கிள்காரர் இறங்கி எட்டிப் பார்த்தார். இன்றைய இரண்டாவது சுற்றில் எல்லோரும் சேர்ந்து பாடிவிட்டு அதையே செய்ய வேண்டும். எது எப்படி வர வேண்டும் என்று மருமகள் யாரிடமும் மூச்சு விடவில்லை. மாமியார் என்பதால் சுருதியக்காவைப் பரிசோதனையிலிருந்தே விலக்கியிருந்தாள். பாட்டை நடத்துவதோடு சரி. ஆனால் சமையலறைக்கும் படுக்கையறைக்கும் நடுவில் இருப்பது ஒரு பலகைச் சுவர். வெளியூரில் வேலையாக இருந்த மகனிடம் அவள் போனில், "சேர்ந்து பாடினப்புறம் கூட நேரம் தாங்கணும். இல்லன்னா இத்தனை வருஷமும் தண்ணியில போட்ட மாதிரிதான்" என்றது காதில் விழுந்துவிட்டது.

இரண்டாவது சுற்றுக்கு முந்தின நாள் ஒத்திகையில் சுருதியக்கா பாட்டைப் பாதியில் நிறுத்தினாள். "நம்ம பொண்ணோட மானம் நாளைக்கு நம்ம கையிலதான் இருக்கு. கையிலன்னா கையிலயேதான்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அவ்வளவு போதுமாக இருந்தது.

கடைசி ஆள் கையைத் துடைத்துக்கொண்டு போனதும் திரையை விலக்கிக்கொண்டு மருமகள் வந்தாள். முகத்தில் சந்தோஷத்தைத் தேடிப் பார்த்தாள் சுருதியக்கா. இல்லை. வாளிகளைக் கவிழ்த்தாள், குறிப்பேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். சாப்பிட உட்கார்ந்ததும்தான், "அத்தை, நம்ம ஆளுங்ககிட்ட யாராவது ஏதாவது சொன்னாங்களா?" என்று கேட்டாள்.

"யார் என்ன சொல்லப் போறாங்க? பாட்டோட சக்தி அது" என்றாள் சுருதியக்கா. சொல்லிவிட்டுச் சோற்றைத் தட்டின் ஓரமாக ஒதுக்கினாள்.

மறுநாள் வேலையில் ஒரு தட்டு மாத்திரை அட்டைகள் எடை கூடுதலாக வந்தன. கூடுதல்தானே, குறையவில்லையே, விட்டுவிடலாம் என்று பொட்டலம் கட்டுகிறவள் கெஞ்சினாள். "கூடினா நல்லதுன்னு யார் சொன்னா? தப்பு தப்புதான், எடுத்து ஓரமா வை" என்று சுள்ளென்று சொல்லிவிட்டுத் திரும்பிய சுருதியக்கா, சொன்ன சூடு தன் முகத்திலேயே அடிக்க, தராசை மூடி வைத்தாள். பிறகு மேற்பார்வையாளரிடம் அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டு, நீலச் சட்டையும் தலையுறையுமாக அப்படியே பேருந்து ஏறினாள்.

பல்கலைக்கழகத்தின் நீளமான நடைவழியில் நான்கு பேரைக் கேட்டு அந்த அறைக்கு வந்தபோது கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே மருமகளின் பேராசிரியை பேசிக்கொண்டிருந்தார்.

"இவ்வளவு சுத்தமான முடிவு யாருக்கும் வராது. எழுத உக்காரும்மா."

"சுத்தமா இருக்கறதுதான் மேடம் பிரச்சினை. ஒருத்தர் கூட கையை எடுக்கலை. மனுஷங்க அப்படி இருக்க மாட்டாங்க. என்மேல இருக்கற பாசத்துல வச்சிருந்திருக்காங்க. இதை நான் எடுத்துக்க மாட்டேன்."

"திரும்ப ஆள் பிடிச்சு, திரும்ப முதல்லேருந்து பண்ணணும். ஒரு வருஷம் போயிடும், யோசிச்சுக்கோ."

"போகட்டும் மேடம்."

அந்தப் 'போகட்டும்' வெளியே நின்றவளின் முதுகெலும்பில் போய்த் தட்டியது. பல வருஷம் தராசு முன் உட்கார்ந்தவளுக்குத் தெரியும், ஒரு முழுச் சரக்கை ஓரமாக எடுத்து வைக்கச் சொல்லும்போது குரல் எப்படி நடுங்கும் என்று. இந்தக் குரல் நடுங்கவில்லை. என் மகன் என்ன புண்ணியம் செய்தானோ என்று நினைத்தாள். நினைத்த உடனே, தான் செய்ததை எண்ணி வெட்கம் பிடுங்கித் தின்றது. பெருமையும் வெட்கமுமாகக் கதவோரம் நின்றவளைப் பார்த்து, வெளியே வந்த மருமகள் பதறிப்போனாள்.

"என்ன அத்தை? உடம்பு சரியில்லையா?"

"நான்தான் சொன்னேன். ஒத்திகையில. நீ போன்ல பேசினதக் கேட்டேன்."

"தெரியும்."

"தெரியுமா?"

"தச்சர் போகும்போது என் தலையில கை வச்சு, 'ஜெயிச்சுட்டம்மா'ன்னுட்டுப் போனாரே. அந்தக் கை என்னா குளிர் தெரியுமா?"

"அப்ப ஏன் நேத்து என்னைக் கேட்டே?"

மருமகள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டாள். தானே சொல்லட்டும் என்றுதான் கேட்டிருக்கிறாள் என்பது உறைத்தது. சுருதியக்கா தலையுறையைக் கழற்றிக் கையில் கசக்கிக்கொண்டாள். "திட்டிடு. வாய விட்டுத் திட்டிடு, எனக்கு நிம்மதியா இருக்கும்."

"திட்டணும்னுதான் ராத்திரி பூரா இருந்தேன்." அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். "ஸ்கூல்ல ஓட்டப் பந்தயம் வைப்பாங்க. எல்லாப் பிள்ளைங்களுக்கும் யாராவது வந்து ஓரமா நின்னு கத்துவாங்க. எனக்கு யாரும் வந்ததில்லை. எங்க வீட்டுல எல்லாருக்கும் வேலை. ஒரு நாள் வெயில்ல கூட எனக்காக யாரும் நின்னதில்ல அத்தை. இப்ப ஒரு கூட்டமே ஐஸ்ல கைய விட்டுட்டு நிக்குது. இதுக்கு எங்க போய்த் திட்டறது?" சிரிக்கப் பார்த்தாள், சிரிப்பு பாதியில் உடைந்தது. "அந்தக் காலத்து ஆளுங்க கலையாம நின்னதும் இதாலதானோ என்னவோ. ஆனா இதை எந்த வாளியில அளக்கறது?"

நடைவழியில் போய்க்கொண்டிருந்த மாணவர்கள், கம்பெனிச் சட்டை போட்ட அம்மாவும் கண்ணாடி போட்ட பெண்ணும் ஒருவர் தோளில் ஒருவர் முகத்தைப் புதைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து ஒதுங்கிப் போனார்கள்.

குழுவிடம் சுருதியக்காவே போய்ச் சொன்னாள். "அப்ப என் கை மரத்துப் போனது வீணா?" என்று தச்சர் முறுக்கிக்கொண்டார். "நம்ம பாசத்தையே வேண்டாம்னு ஓரமா வைக்கற அளவுக்கு நேர்மையான பொண்ணு என் வீட்டுக்கு வந்திருக்கா. வீண்னு சொல்லுங்க பாக்கலாம்" என்றாள் சுருதியக்கா. தச்சர் விரல்களை மடக்கிப் பார்த்தார். "அடுத்த தடவையாவது வெந்நீர் வைக்கச் சொல்லுங்க" என்றார்.

மருமகள் புதிய ஆட்களைத் தேடினாள். ஒருவரை ஒருவர் தெரியாதவர்கள், அவளையும் தெரியாதவர்கள், பாடிப் பழக்கமில்லாதவர்கள். பாட்டும் யாருக்கும் தெரியாததாக இருக்க வேண்டும். சொல்லே இல்லாத வெறும் மெட்டு போதும். "நீங்க ஒண்ணு போட்டுத் தரீங்களா அத்தை?" என்று கேட்டபோது சுருதியக்கா ஆடிப்போனாள். வாழ்நாள் முழுக்க யாரோ கட்டிய பாட்டைத்தான் பாடியிருக்கிறாள். மாத்திரை அட்டைகள் ஒவ்வொன்றாகத் தராசில் ஏறி இறங்கும் தாளத்துக்கு முனகி முனகி ஒரு மெட்டைப் பிடித்தாள். பேராசிரியை கேட்டுவிட்டு, யார் போட்டது என்று விசாரித்தாராம்.

பரிசோதனை நாளன்று உள்ளே வரக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. அவளாகவே பல்கலைக்கழக அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். மூடிய கதவுக்குப் பின்னால் பேருந்து நடத்துநர்கள், எழுத்தர்கள், முடிதிருத்துபவர், யார் யாரோ. தொடங்கியபோது ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். சுருதியக்காவின் நெற்றி தானாகச் சுருங்கியது.

கட்டிடத்தின் காவலாளி சாவிக் கொத்தோடு வந்து பக்கத்தில் நின்றார். "உள்ள யாரும்மா?"

"என் மருமக. ஆராய்ச்சி பண்றா."

"என்ன பாட்டு இது? எங்கயோ கேட்ட மாதிரி இருக்கே."

"கேட்டிருக்க முடியாது" என்றாள் சுருதியக்கா, நிமிர்ந்து உட்கார்ந்து.

மெட்டு இரண்டாவது முறை சுற்றி வந்தது. குரல்கள் இன்னும் முட்டிக்கொண்டுதான் இருந்தன. ஆனால் ஏறுகிற இடத்தில் யாரோ ஒருவர் இன்னொருவருக்காகக் காத்திருந்தார். மூன்றாவது சுற்றில் சாவிக் கொத்து சத்தம் போடாமல் இருக்கும்படி அதைக் காவலாளி உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டார். கதவுக்கும் தரைக்கும் நடுவில் கசிந்த வெளிச்சக் கீற்றில் கால்களின் நிழல்கள் தெரிந்தன. முதலில் இரண்டு, பிறகு ஐந்தாறு, பிறகு எல்லாமே, மெட்டுக்கு ஒன்றுபோல ஒரு பக்கமாகச் சாய்ந்து, மெதுவாக இன்னொரு பக்கம் திரும்பின.