செலின் கேட்கப் போன மூச்சு

ஜாஸ் கலைஞன் ஒருவனின் வாழ்க்கையைச் சொல்லும் படம் அது. திரையில் சாக்ஸபோனைப் பிடித்துக்கொண்டு நிற்பவன் நாயகன். உள்ளபடி ஊதியது, கல்யாண ரிசப்ஷன்களில் வாசிக்கும் வேதமுத்து. பாவம், அவர் போய்ச் சேர்ந்த பிறகுதான் படம் வெளிவந்தது.

அவர் மனைவி செலின் வானகரம் தியேட்டருக்குக் கிளம்பியது படம் பார்க்க அல்ல. படமாவது மண்ணாங்கட்டியாவது! அவளுக்கு வேண்டியது புருஷனின் மூச்சு. ஊதுவதற்கு முன் சர்ரென்று அவர் மூச்சு இழுப்பது, அயனம்பாக்கம் வீட்டில் சமையலறை வரை கேட்கும். ரெக்கார்டிங் முடிந்து வந்த அன்றே சொல்லியிருந்தார்: "பேரு போட மாட்டானுங்க, செலினு. ஆனா மூச்சு நம்முளுது. நல்லா கேட்டுக்கோ."

வீட்டில் போட்டோக்கள் எவ்வளவோ இருந்தன. அந்த மூச்சு மட்டும் எதிலும் இல்லை.

மகள் ஸ்வீட்லின் பாப்கார்னை நீட்டினாள். "மெல்ற சத்தம் வரக் கூடாது, கீழ வெய்யி," என்றாள் செலின்.

முதல் பாட்டு வந்ததும் கண்ணை இறுக மூடிக்கொண்டு கேட்டாள். மூச்சு இல்லை. எடுத்த எடுப்பிலேயே வாசிப்பு. அடுத்த பாட்டிலும் அப்படித்தான்.

"இன்னாடி, காணோம்?"

"மூச்சு சத்தத்தையெல்லாம் கட் பண்ணி கிளீன் பண்ணிடுவாங்கம்மா," என்றாள் ஸ்வீட்லின் தயக்கத்தோடு.

கிளீனா? அது என்ன அழுக்கா? செலினுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாவிகள், மிச்சமிருந்த ஒன்றையும் துடைத்துப் போட்டுவிட்டார்களே! "எயிந்திரு, ஊட்டுக்குப் போலாம்," என்று பையை எடுத்தாள்.

எழுந்து நிமிர்ந்தபோது திரை முழுக்க நாயகனின் முகம். நெற்றி நிறையத் திருநீறு. சாக்ஸபோனை வாயில் வைக்கும் முன், கட்டைவிரலால் உதட்டில் சின்னதாக ஒரு சிலுவை போட்டுக்கொண்டான்.

செலின் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பூசையில் நற்செய்தி வாசிக்கும்போது போடுகிற சிலுவை. அதை ஊதுவதற்கு முன்னாலும் போடுகிற ஒரே ஆளை அவளுக்குத் தெரியும்.

ஸ்வீட்லின் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "ஷூட்டிங்ல சொல்லிக்குடுக்கப் போன அப்பாவப் பாத்துட்டு, சாக்ஸபோன் வாசிக்கிற எல்லாருமே இப்படித்தான் பண்ணுவாங்கன்னு ஹீரோ நெனச்சிட்டாரும்மா!"

செலினுக்கும் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும். இந்த மனுஷனை இனி எங்கே போய்த் தேடுவது என்றிருந்தது.

அடுத்த பாட்டுக்கு நாயகன் விரலைத் தூக்கினான். அவளும் தன் உதட்டில் சிலுவை போட்டாள். அவன் சாக்ஸபோனை வாயில் வைத்தான். மூச்சு இருக்க வேண்டிய இடத்தில், பக்கத்து சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்க்கும்படி, சர்ரென்று அவள் மூச்சை இழுத்தாள்.